குண்டானில் விழுந்த பள்ளம்

...ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே, கடலூர் மாவட்ட அலுமினிய வரலாற்றின் பொன்னான ஓர் அத்தியாயம் இன்று காலை பத்தே காலுக்கு, உப்பனாற்றங்கரையில், மூன்று பனங்கட்டைகளின் மேல், உலோக வித்தகர் தேவநாதன் அவர்களின் திருக்கரங்களால் எழுதப்படவிருக்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம்... என்று தேவநாதனின் மண்டைக்குள் ஒரு ஆள் மைக் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தான். வேலை தொடங்குமுன் அவன் வந்துவிடுவான். செம்மண்டலத்தில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்ட நாளிலிருந்து வருகிறான், அதற்கு முன்னால் சிப்காட்டில் பதினெட்டு வருஷம் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாளும் வந்ததில்லை, அங்கே முழங்குவதற்கு வேறு ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். முழங்கட்டும், என்ன குறைந்துபோகிறது, உண்மையைத்தானே சொல்கிறான், அலுமினியத்தை ஆர்கான் வாயு வைத்து ஒட்டத் தெரிந்தவன் இந்தக் கரையில் வேறு எவன் இருக்கிறான்... தேவநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படகைப் பார்த்தார். இருபத்தெட்டடி. சுற்றிலும் கிடந்த பைபர் படகுகளுக்கு நடுவே, பந்தியில் கோட்டு சூட்டோடு வந்து சம்மணம் போட்டவன் மாதிரி மினுமினுத்தது. முகப்பில் 'கடற்சிம்மம்' என்று எழுதியிருந்தார்கள். ஊர் அதைக் குண்டான் என்றுதான் சொன்னது. குண்டானின் வலது விலாவில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, தாம்பாளம் அளவுக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் நடுவில் சாண் நீளத்துக்கு ஒரு விரிசல்.

வழக்கமாக இந்த இடத்தில் போனை எடுப்பார். வேலைக்கு முன் ஒரு போட்டோ, வேலைக்குப் பின் ஒரு போட்டோ, இரண்டையும் ஒட்டி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவார், கோயில் உண்டியல் மூடியிலிருந்து பால் கேன் வரைக்கும் அப்படித்தான், பார்ப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் விரல் தவறிப் பட்டவர்கள், இருந்தாலும் விடுவதில்லை. இன்றைக்கு எடுக்கவில்லை. போன் சட்டைப்பையில் இருந்தது, சட்டை ஸ்கூட்டர் கைப்பிடியில் தொங்கியது, ஸ்கூட்டர் பத்தடி தள்ளி நின்றது. பத்தடி ஒரு தூரமா என்றால் இல்லைதான், ஆனால் சார்ஜ் இருக்காது. நேற்று போட மறந்திருப்போம். இல்லாத சார்ஜுக்காக யார் வெயிலில் நடப்பது... முதலில் தார்ப்பாய் கட்ட வேண்டும், கடற்காற்று வீசினால் ஆர்கான் நிற்காது, ஆர்கான் நிற்காவிட்டால் ஒட்டிய இடம் அரித்த பல் மாதிரி ஆகிவிடும். தார்ப்பாய் கட்டினார். ஜெனரேட்டரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் பள்ளத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

நீ பாத்தாலே தெரிஞ்சுடும்ல அண்ணே, என்று தங்கச்சி கயல்விழி நேற்று போனில் சொன்னாள். அழவில்லை, அழுதிருந்தால் அதட்டி வைத்துவிட்டிருக்கலாம். உங்க மாப்ள இடிக்கலன்றாரு, ஆனா யாருகிட்டயும் வேற ஒரு வார்த்த பேச மாட்டன்றாரு, நீதான் பள்ளத்தப் பாத்து என்ன ஏதுன்னு சொல்லணும், நீ சொன்னா பஞ்சாயத்துல கேப்பாங்க. கேட்பார்கள்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மீன் ஏலக்கூடத்தில் ஊர்ப் பஞ்சாயத்து. மாப்பிள்ளை சிலம்பரசன் ஞாயிற்றுக்கிழமை படகைத் திமிராக ஓட்டிக் கொண்டுவந்து துறை மேடையில் இடித்தான் என்பது புகார். சொன்னவர் படகை வாங்கிய நவீன மீன்பிடி முன்னேற்ற சங்கத்தின் தலைவர் ராஜமாணிக்கம். சங்கத்தில் ஒன்பது பேர், அதில் தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் எட்டுப் பேர். இடித்தது உண்மை என்று முடிவானால் ஆறு மாசம் சிலம்பரசன் எந்தப் படகிலும் கால் வைக்கக் கூடாது, குண்டானில் மட்டும் இல்லை, எந்தப் படகிலும். ஆறு மாசம் கடலுக்குப் போகாத ஒரு ஆளைக் கயல்விழி வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள், அவன் கரையில் நடக்கும்போதே தரை ஆடுகிற மாதிரி நடப்பவன்... மெக்கானிக் இல்லை, மேஸ்திரி இல்லை, அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்.

சரி, பாரு. பார்த்தார். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஓடிவந்த படகு இடித்தால் ஒரே இடி, இடித்த இடத்திலிருந்து பின்பக்கமாக நீளக் கீறிக்கொண்டு போகும், ஓடுகிற பஸ்ஸில் கிளை உரசின மாதிரி. இங்கே நீளக் கீறல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேலும் கீழுமாக, பல்லு விளக்கின மாதிரி. பள்ளம் ஒன்று இல்லை, சின்னச் சின்னதாக அறுபது எழுபது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே பள்ளமாகியிருக்கிறது. கட்டிப்போட்ட படகு. சும்மா நின்ற படகு. அலை ஏற ஏற மேடையின் சிமெண்ட் மூலையில் போய்த் தட்டி, இறங்கும்போது உரசி, மறுபடி ஏறி, மறுபடி தட்டி... மூணு மணி நேரம் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை விழாவில் சாப்பாட்டு நேரம் மூணு மணி நேரம். இதைப் படிக்க இந்த ஊரில் வேறு எவனாலும் ஆகாது. பைபர் உடையும், மரம் பிளக்கும், பள்ளம் என்கிற ஒன்று விழுந்து இங்கே எவனும் பார்த்ததே இல்லை. பஞ்சாயத்தார் நேற்று வந்து பார்த்து, ஆமா நல்லா இடிச்சிருக்கான், என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஆக, ஒரே நிபுணர். கடலூர் மாவட்டத்துக்கே ஒரே... மைக் ஆசாமி தொண்டையைச் செருமினான், தேவநாதன் அவனை உட்காரச் சொன்னார். தீர்மானம் எளிது. நாலு மணி வரைக்கும் பள்ளத்தில் கை வைக்கக் கூடாது. பஞ்சாயத்தாரை இங்கே கூட்டிவந்து, இதோ, விரலை வைத்துப் பாருங்கள், மேலும் கீழும், என்று காட்ட வேண்டும். அதுவரைக்கும் வேறு வேலையா இல்லை, விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட வேண்டும், போடாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். டிரில்லை எடுத்தார்.

"என்னா தேவநாதா, குண்டான் நசுங்கிப்போச்சாமே. புளி போட்டு வெளக்குனா சரியாயிடுமா?" நாலடி தள்ளி வலை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த வேலம்மாள் கேட்டாள். சுற்றிலும் ஈ, அவள் வாயில் மட்டும் ஈ உட்காராது, அந்த வாய் ஓய்வதே இல்லை.

"யக்கா, இது மெரைன் கிரேடு. சோத்துக் குண்டான் இல்ல."

"எந்த கிரேடா இருந்தா என்னா, வடிக்கறப்ப கை தவறி உழுந்தா இப்புடித்தான் நசுங்கும். எங்கூட்ல ரெண்டு கெடக்கு, கையோட தட்டிக் குடுத்துட்டுப் போ." நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "உம் மாப்ளய ஆறு மாசம் தள்ளி வெக்கப் போறாங்களாமே. இடிச்சியாடான்னு கேட்டேன், இல்லன்னான். அப்ப எப்புடிடா ஆச்சுன்னேன், தெரியாதுன்னான். தெரியாதவன் மூஞ்சி அப்புடியா இருக்கும்? யாரையோ உள்ள வெச்சுப் பூட்டிக்கினு இருக்கான்."

டிரில் சத்தத்தில் காது கேட்காதவர் மாதிரி இருந்தார். டிரில் அப்போது ஓடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சட்டைப்பையில் போன் அடித்தது. கயல்விழியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை, எடுத்தால் இருக்கிற கொஞ்ச நஞ்ச சார்ஜும் போய்விடும்.

யாரை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பான்... அது கிடக்கட்டும், குண்டானுக்குத் தொடக்க விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நல்ல நாள். பந்தல், வாழைமரம், ஸ்பீக்கர். நோட்டீஸில் பத்தொன்பதாவது பெயராக, 'தொழில்நுட்ப ஆலோசகர் திரு. தேவநாதன்'. பத்தொன்பது என்றால் என்ன, அச்சில் வந்ததா இல்லையா. பொன்னாடை போர்த்தினார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் துண்டு, பரவாயில்லை, ஓரத்தில் ஜரிகை இருந்தது. தலைவர் ராஜமாணிக்கம் வெள்ளை வேட்டியில் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், போட்டோக்காரர் ஒவ்வொரு கோணமாகப் பார்த்துவிட்டு, சார் அந்த... என்று இழுத்தார். துறை மேடை ஓரமாகத் தொங்கின டயர்கள். பழைய லாரி டயர் நாலு, கயிற்றில், எல்லாத் துறையிலும் தொங்குகிற மாதிரி, படகுக்கும் மேடைக்கும் நடுவில். கறுப்பாக, பாசி பிடித்து, வெள்ளி மாதிரி மின்னுகிற படகுக்குப் பக்கத்தில் அசிங்கமாக... அவ்வளவுதான், அதற்கு மேல் ஞாபகம் இல்லை. அதற்கு மேல் சாப்பாடு.

"மச்சான்."

சிலம்பரசன் நின்றுகொண்டிருந்தான். லுங்கியை மடித்துக் கட்டி, கையில் மண் மூட்டையோடு. "தலைவரு ஒத்தாசைக்கு நிக்கச் சொன்னாரு. நாளைக்குப் பேப்பர்காரங்க வர்றாங்களாம், இன்னிக்கே முடிக்கணும்ன்றாரு."

"உன்னயா அனுப்பனாரு?"

"வேற யாரும் சும்மா இல்ல மச்சான்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று தேவநாதன் தேடிப் பார்த்தார், இல்லை, அவன் முகத்தில் எதையும் தேடி எடுக்க முடியாது. பள்ளத்தை ஒருமுறை பார்த்தான், பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தான். அவனுக்கு இதைப் படிக்கத் தெரியுமா? தெரியாது. அலுமினியம் பற்றி அவனுக்கு என்ன தெரியும்... இந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, தேவநாதன் அவசரமாகச் சோப்பைத் தேட ஆரம்பித்தார். விரிசலை அப்படியே ஒட்ட முடியாது, இரண்டு உதடும் மேல் கீழாக நிற்கிறது, உதட்டை மட்டும் கொஞ்சம் சமப்படுத்தியாக வேண்டும். உதடு மட்டும். பள்ளத்தைத் தொடப்போவதில்லை. துணி துவைக்கிற சோப்பைத் தகட்டில் தேய்த்து, கேஸ் டார்ச்சைக் காட்டினார், அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து சொல்லாது, சொல்லாமலே உருகிக் கொட்டிவிடும், அதனால் சோப்புதான் கணக்கு, சோப்பு கறுத்தால் தகடு இளகிவிட்டது என்று அர்த்தம். சோப்பு பழுத்தது, கறுத்தது. கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறினார். "வெளிய மூட்டைய அமுக்கிப் பிடி மாப்ள. நான் உள்ளாற தட்டறேன்." தகடு நடுவில். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

தட்டினார். உதடு மட்டும்.

கொட்டாப்புளி மரச் சுத்தியல், சத்தம் மெத்தென்று வரும், டொப், டொப், அதற்கு ஒரு தாளம் உண்டு, கை அதைப் பிடித்துக்கொண்டால் மண்டைக்கு வேலை இல்லை, மண்டை தன் பாட்டுக்குச் சிதம்பரம் போய்விட்டது. கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபம், இரண்டு நாள் பயிற்சி முகாம், 'அலுமினிய இணைப்புத் தொழில்நுட்பம்', சான்றிதழ் இப்போது பட்டறையில் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குச் சமமான உயரத்தில். அங்கேதான் அந்த வாத்தியார் சொன்னார், கடல் காற்றில் அலுமினியத்தைப் பற்றி... திரையில் ஒரு படம், தகடு, ரப்பர், அரிப்பு, பெரிதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. மத்தியானம் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் போட்டிருந்தார்கள், இரண்டாம் தடவை வாங்கினோம், மூன்றாம் தடவையும். படத்தை முழுசாகப் பார்த்தோமா? பார்த்தோம். ரப்பர் இருந்தது. அரிப்பு இருந்தது. பெருக்கல் குறி இருந்தது. கண் சொருகியிருந்ததே தவிர மற்றபடி எல்லாம் தெளிவாக... டொப், டொப். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். யாரிடம்? தலைவரிடம். போட்டோக்காரர் இழுத்தபோது, பொன்னாடை இன்னும் தோளில் இருந்தபோது, அந்தத் துண்டின் கனத்தில் முதுகு தானாக நிமிர்ந்திருந்தபோது. தலைவரே, டயரக் கழட்டிடச் சொல்லுங்க. ரப்பர்ல கந்தகம் இருக்கு. அலுமினியத்த மெதுவா தின்னுரும். போட்டோவுக்குன்னு இல்ல, டெக்னிக்கலாவே கூடாது.

டொப்.

டெக்னிக்கலாவே. அந்தச் சொல்லுக்குத் தலைவர் முகம் மலர்ந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தன் காதில் விழுகிற எதையும் தன் யோசனையாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் மனுஷன், யோசனை கெட்டுப்போனால் நினைவிலேயே வைத்துக்கொள்ளாத மனுஷன், அவர் இதை எங்கேயும் சொல்லப்போவதில்லை. வேறு யார் கேட்டார்கள்? பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். மச்சான், டயரு இல்லாம மேடையில கட்டுனா தட்டுமே, என்றான். அலுமினியத்தப் பத்தி உனக்கு என்னா தெரியும் மாப்ள, போயி பந்தி பரிமார்றதப் பாரு, ஆள் பத்தல. அவன் கத்தியை எடுத்து நாலு கயிற்றையும் அறுத்தான், டயர்களை உருட்டிக்கொண்டுபோய் வலைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டான், கை கழுவினான், வந்து சாம்பார் வாளியைத் தூக்கினான். நம் இலைக்கும் அவன்தான் ஊற்றினான். அந்த நேரத்தில் இங்கே குண்டான் தட்டிக்கொண்டிருந்தது, ஏறித் தட்டி, இறங்கி உரசி.

"மச்சான், இன்னும் கொஞ்சம் மேல," தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சிலம்பரசன் சொன்னான். "அங்க உப்பல் இருக்கு."

மேலே தட்டினார். அப்போ இவன் பூட்டி வைத்திருப்பது... ஆமாம். வேறு யார். பொண்டாட்டியோட அண்ணன், பட்டறை வைத்திருப்பவர், சான்றிதழ் மாட்டியிருப்பவர், ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது, கெடுப்பானேன் என்று நினைத்தானா, அல்லது சொன்னால் எவன் நம்புவான் என்று நினைத்தானா, அல்லது நாமே சொல்லிவிடுவோம் என்று மூணு நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறானா? கேட்டுவிடலாம். நடுவில் நாலு மில்லிமீட்டர் தகடுதான். ஏன் மாப்ள நீ சொல்லல, என்று ஒரு வரி. வாயைத் திறந்தார். "அமுக்கிப் பிடி," என்றார்.

பிடித்தான். அந்தச் சிதம்பரத்துப் படம் இப்போது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது, வரவேண்டிய நாளில் வராத சனியன். தகடு, ஒரு இரும்பு போல்ட், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர். பெருக்கல் குறி இருந்தது வேறு படத்தில், ரப்பர் இல்லாத படத்தில். ரப்பர் வெச்சுப் பிரிச்சு வைங்க, அதுதான் அலுமினியத்தைக் காப்பாத்தும், என்றுதானே அந்த வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார், கொத்சு வாசனையோடு அது எங்கேயோ தலைகீழாகப் போய் உட்கார்ந்துகொண்டது. தலைகீழானதை எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். சரி. இப்போது என்ன. நாலு மணிக்கு ஏலக்கூடத்தில் எழுந்து நின்று, படகு ஓடி இடிக்கவில்லை, நின்று தட்டியிருக்கிறது, என்று சொன்னால் அடுத்த கேள்வி டயர் எங்கே. டயரைக் கழற்றினது யார் என்றால் சிலம்பரசன். கழற்றச் சொன்னது யார் என்றால்... தலைவர் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். பத்தொன்பதாவது பெயர். ஏலக்கூடம் முழுக்கச் சிரிக்கும், வேலம்மாள் முன்வரிசையில் இருப்பாள், அடுத்த பத்து வருஷத்துக்குக் குண்டான் என்கிற பெயர் படகிலிருந்து நமக்கு மாறிவிடும். மாறட்டுமே. ஆறு மாசம் ஒருவன் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கு இது பெரிதா? பெரிதில்லை. பெரிதில்லை என்று நன்றாகத் தெரிகிறது. பள்ளத்தைக் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம், பள்ளமே பேசும், விரலை வைத்துப் பாருங்கள், மேலும் கீழும்...

"சமமாயிடுச்சு மச்சான்."

தேவநாதன் கையைப் பார்த்தார். கொட்டாப்புளி நின்றிருந்தது. உள்பக்கம் தகடு மட்டம் தட்டின தரை மாதிரி இருந்தது. இறங்கி வெளியே வந்தார். மூட்டையை நகர்த்திவிட்டு சிலம்பரசன் தள்ளி நின்றான். பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் இல்லை. உதடு மட்டும் என்று ஆரம்பித்த கை எப்போது அதைத் தாண்டியது, மூன்று தடவை சோப்புப் போட்டுச் சூடு காட்டின தடம் தெரிகிறதே, மூன்று தடவை இறங்கி ஏறினோமா, டார்ச்சைப் பற்றவைத்தோமா, நாம்தானா... கையின் பழக்கம் அப்படி. இருபத்தைந்து வருஷத்துக் கை, பள்ளத்தைக் கண்டால் விடாது. இனி நிறுத்தி என்ன பிரயோஜனம். விரிசலை அராவினார், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், ஜெனரேட்டரை இழுத்தார், முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஒட்டினார், உருகிய உலோகம் சின்னக் குளமாகி மெல்ல நகர்ந்தது, கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார், அடுக்கிவைத்த நாணயம் மாதிரி வரிவரியாக விழுந்தது. அதையும் அராவி எடுத்து, அந்த மேலும் கீழுமான உரசல் எல்லாவற்றையும் மெருகுத் தாளால் ஒரே திசைக்கு இழுத்துவிட்டார். மூன்றே கால். வேலம்மாள் எழுந்து வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "அட, குண்டான் புதுசாயிடுச்சே, எங்கூட்டு ரெண்டயும் கொண்டாந்துடறேன்," என்று சொல்லிப் போனாள்.

சிலம்பரசன் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து, முன்னிருந்து பின்னாக ஒருமுறை நீவினான். நிதானமாக, மாட்டு முதுகைத் தடவுகிற மாதிரி. "இங்க ஒண்ணுமே நடக்கலன்ற மாதிரி இருக்கு மச்சான்," என்றான். பாராட்டா, வேறு ஏதாவதா, அவன் முகத்தில் எதையும் தேடி எடுக்க முடியாது. லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஏலக்கூடத்தின் பக்கம் நடந்தான், நாலு எட்டு போய் நின்று திரும்பினான். "நீங்களும் வர்றீங்கல்ல?"

"நீ போ, வந்துடறேன்."

வர வேண்டும்தான். வந்து சொன்னால் கேட்பார்கள், பள்ளம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது, டயர் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது, சொல்லலாம், சொல்வோம், முதலில் சட்டையைப் போட்டுக்கொள்வோம்... சட்டையை உதறிப் போட்டார். மண்டைக்குள் மைக் ஆசாமி எழுந்து நின்று, மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். வேலைக்குப் பின் ஒரு போட்டோ எடுத்தால் ஆயிற்று, முன்னால் எடுத்தது இல்லை, அதற்கென்ன செய்ய முடியும், சார்ஜ் இல்லாததற்கு யார் என்ன செய்ய முடியும். பையிலிருந்து போனை எடுத்தார். கயல்விழி மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள்.

போனில் அறுபத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது.